என் பெயரில் வரும் மெயிலை நம்பாதே

புதுச்சேரி
20.8.2007

அன்பு மகள் துர்காவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், அங்கே பிரான்சில், லியோனில் நீயும் நலம் என்று உன் வாயால் கேட்டால்தான் மனது அமைதியாகும்.

வீராம்பட்டினம் தேருக்கு அம்மா முழங்கால் வலியோடு போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். நான் செய்த காரியம் அப்படி. தினமும் வரும் லாட்டரி மெயில் தொல்லை தாங்காமல், அவற்றைப் பற்றிப் புகார் செய்யவே ஒரு இணையதளம் இருக்கிறதென்று பார்த்து எழுதினேன். முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பழக்கம், விடுநர் பெறுநர் போட்டு, முழுப் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் கொடுத்தேன். என் மெயில் பெட்டியைச் சோதிக்கப் பாஸ்வேர்டு வேண்டும் என்று அந்தத் தளத்துக்காரர்கள் கேட்டார்கள், அதையும் 'இணைப்பு' என்று போட்டு அனுப்பி, கிடைத்ததற்கு ஒப்புகையும் கேட்டேன். மறுநாள் என் மெயில் எனக்கே திறக்கவில்லை. பெரிய மார்க்கெட் பக்கத்து பிரவுசிங் சென்டர் ஸாகிப் தலையில் அடித்துக்கொண்டு, யாருன்னே தெரியாதவன்கிட்ட சாவியக் குடுத்துட்டு ரசீது வேற கேட்டீங்களா சார் என்றான். பிட்டு அடிக்கிறவன கடைசி பெஞ்சுலயே புடிப்பீங்க, இவன புடிக்கத் தெரியலையே என்று அம்மா அழுதாள். பள்ளிக்கூடத்தில் புகார்ப் பெட்டி வைத்தபோது அதன் சாவி யாரிடம் இருக்கும் என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்டார்கள். எனக்கு அது தோன்றவில்லை.

நீ வீடு மாறி அனுப்பிய புது நம்பரும் முகவரியும் அந்த மெயில் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. டைரியில் உன் ஆபீஸ் முகவரி மட்டும்தான் இருந்தது, போன் நம்பர் இல்லை; அதனால் இதை அங்கே அனுப்புகிறேன், போய்ச் சேர எட்டு நாளாவது ஆகும். அதற்குள் என் பெயரில் பாஸ்போர்ட் நகல் கேட்டோ, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றோ மெயில் வந்தால் அது நானில்லை. பதில் எழுதாதே. ஏற்கெனவே எழுதியிருந்தால் மறைக்காதே, நான் திட்ட மாட்டேன்.

நேற்று வீட்டுக்கு ஒரு போன். மரியாதையான குரல், நம்ம ஊர்ப் பேச்சு. உங்க பொண்ணு நம்பர் இதுதானே சார், சரிபாத்துக்கறோம் என்று மளமளவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பேனா எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. உன் நம்பர் இப்போது அவனிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

அம்மன் உனக்குத் துணையிருக்கட்டும். இது கிடைத்தவுடன் வீட்டுக்குப் போன் செய். கதவைத் தட்டுவது தமிழ் பேசும் ஆளாக இருந்தாலும் திறந்துவிடாதே.

அன்பு அப்பா,
கோவிந்தராசு