‘இழைப்பு நோய்’ என்று எழுதிய கடிதம்

அனுப்புநர்:
அ. மரியநாதன்,
செம்பனைத் தோட்டச் சாலை,
குளுவாங், ஜொகூர்.

பெறுநர்:
தமிழ்ப்பள்ளிகள் பொறுப்பதிகாரி,
கல்வி அலுவலகம்,
குளுவாங், ஜொகூர்.

பொருள்: பெற்றோரின் கடிதங்களில் பிழையோடு செய்தியையும் படிக்க ஏற்பாடு செய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டும் நான், இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு படிக்கும் ஏஞ்சலாவின் தந்தை. பள்ளியின் பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். ஏஞ்சலாவுக்கு ஆஸ்துமா எனும் இளைப்பு நோய் உண்டு. பள்ளிக்கு எழுத வேண்டியதையெல்லாம் முன்பு என் மனைவி டொரத்திதான் எழுதுவார். அவர் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து வார இறுதியில் மட்டும் வருவதால், அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றுவிட்டது.

2. சென்ற மாதம் பள்ளியில் நெடுந்தொலைவு ஓடும் குறுக்கோட்டப் பயிற்சி தொடங்கியது. இருமல் நிற்கும்வரை பிள்ளை ஓடக்கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதை வகுப்பாசிரியைக்கு எழுதி அனுப்பினேன். ‘இளைப்பு நோய்’ என்பதை ‘இழைப்பு நோய்’ என்றும், ‘விளையாட்டு’ என்பதை ‘விலையாட்டு’ என்றும் எழுதிவிட்டேன்.

3. அன்று வகுப்பில் லகர, ளகர, ழகர வேறுபாடு பாடமாம். ஆசிரியை என் சொற்களை வெண்பலகையில் எழுதி, பலகையை இழைப்பதற்கும் மூச்சு இளைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியிருக்கிறார். எழுதியவர் யார் என்று அவர் சொல்லவில்லை. கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் யார் என்பதைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். “ஏஞ்சலாவ அவங்கப்பா இழைக்கிறாரு” என்று ஓய்வு நேரம் முழுவதும் சிரித்திருக்கிறார்கள். பிறகு அவளையும் மற்றவர்களோடு ஓட அனுப்பிவிட்டார்கள். கடிதம் சிவப்பு மையில் திருத்தப்பட்டு வீட்டுக்கு வந்தது.

4. நான் மறுநாளே பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். அந்தச் சிவப்பு மையைப் பார்த்த பிறகு ஆசிரியையின் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. திருத்தங்களை எழுத்தெழுத்தாகப் பார்த்து, பிழையில்லாமல் இன்னொரு கடிதம் எழுதி ஏஞ்சலாவிடம் கொடுத்தேன்.

5. அடுத்த பயிற்சியில் என் மகள் திடலிலேயே மூச்சு முட்டி விழுந்தாள். உடற்கல்வி ஆசிரியர் திரு. விஜயன் தமது காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக உள்ளது. மருத்துவமனையில் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிய பிறகு, இரண்டாவது கடிதத்தைக் கொடுத்தாயா என்று அவளிடம் கேட்டேன். “குடுக்கலப்பா. மறுபடியும் சிரிப்பாங்க,” என்றாள். சற்றுப் பொறுத்து, “கோவிச்சுக்காதீங்க,” என்றாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

6. ஆசிரியை மருத்துவமனைக்கு வந்தார். “தப்புதான் சார் கண்ணுல பட்டுச்சு. திருத்திக்கிட்டே போனேன். என்ன எழுதியிருக்கீங்கன்னு மனசுல ஏறவே இல்ல,” என்று அழுதார். அதை நான் நம்புகிறேன். அவர் கெட்டவர் அல்லர். என் மகளுக்கு நல்ல தமிழ் வர வேண்டும் என்றுதான் நானும் அவளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தேன்.

7. ஏஞ்சலா இப்போது நலம். ஆனால் பள்ளிக் கூட்டத்துக்கு அம்மா மட்டும் வரட்டும் என்கிறாள். என்னால் அவளைக் கண்டிக்க முடியவில்லை. இம்மனுவைக்கூட நான் சொல்லச் சொல்ல டொரத்திதான் எழுதுகிறார். தங்களுக்கு என் கையால் எழுதத் துணிவு வரவில்லை.

8. ஆசிரியையைத் தண்டிக்கவோ இடம் மாற்றவோ நான் கேட்கவில்லை. பிள்ளையின் உடல்நலம் பற்றிப் பெற்றோர் எழுதினால், எழுத்து எப்படி இருந்தாலும் செய்தியைப் படித்து, புரியாவிட்டால் தொலைபேசியில் கேட்கும்படி எல்லாப் பள்ளிகளுக்கும் அறிவுறுத்துங்கள். அக்கடிதங்கள் வகுப்பில் பாடமாக வேண்டாம்.

9. இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நான் எழுதிய முதல் கடிதத்தில் என்ன செய்தி இருந்தது என்பதை அதே வகுப்பில் ஆசிரியை ஒருமுறை எடுத்துச் சொல்ல வேண்டும். ஓர் அப்பா தம் மகளை ஓட விடாதீர்கள் என்று கேட்டிருந்தார் என்பதை அந்தப் பிள்ளைகள் கேட்கட்டும். ஏஞ்சலாவும் அங்கே உட்கார்ந்து கேட்கட்டும்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

அ. மரியநாதன்
(ஏஞ்சலாவின் தந்தை)

இடம்: குளுவாங்
நாள்: 14 ஏப்ரல் 2024