நவமணிக்குச் சோறு வேண்டாம்

கோலசிலாங்கூர்,
11.3.1984

அன்புத் தங்கை சந்திரிகாவுக்கு,

மூன்று வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. என் மகளுக்கு வலிப்பு வந்தபோது "இது காத்துக்கருப்பு இல்லக்கா, நோய்" என்று நீ சொன்னதற்குக் கோபித்துக்கொண்டவள் நான்தான். நவமணிக்கு இப்போது ஏழு வயது. ஒரு நாளைக்குப் பத்து தடவை வலிப்பு வருகிறது. மருந்து கொடுத்தால் வகுப்பிலும் தூங்கிவிடுகிறாள். கோலாலம்பூர் டாக்டரம்மா சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். சோறு கூடாதாம், சீனி கூடாதாம், எல்லாம் கொழுப்பாம். கொழுப்பு எப்படியம்மா வலிப்பை நிறுத்தும்? நீ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாய். விசாரித்து எழுது.

அக்கா அம்சவள்ளி

லண்டன்,
29.3.1984

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைக் கண்டதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தேன். எனக்குக் கோபமே இல்லை.

குழந்தைகள் வார்டில் விசாரித்தேன். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதை வெகுகாலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். சோறும் சீனியும் கிடைக்காவிட்டால், பட்டினி என்று நினைத்து உடம்பு கொழுப்பை எரிக்குமாம். "அதனால் மூளை ஏன் அடங்குகிறது?" என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "எங்களுக்கும் தெரியவில்லை" என்று சிரித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்காது, அக்கா. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். நீயாக அளவை மாற்றாதே.

உன் சந்திரிகா

கோலசிலாங்கூர்,
2.6.1984

சந்திரிகா,

ஆஸ்பத்திரியில் தொடங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். முட்டை, வெண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாம் தராசில் எடைபோட்டுத்தான் கொடுக்கிறேன். சிறுநீரில் காகிதக் குச்சியை நனைத்தால் கத்தரிப்பூ நிறம் வர வேண்டும். "எனக்குள்ள யாரு சாயம் போடுறா? சித்திகிட்ட கேளுங்க" என்கிறாள் நவமணி.

வலிப்பு மூன்றாகக் குறைந்திருந்தது. போன வாரம் ஒரு நாள் குச்சி வெளுத்துவிட்டது. அன்று மாலைக்குள் எட்டு தடவை. யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவளுடைய அப்பா, உன் மாமா, அழுதுவிட்டார். "ஒரு கை சோறுதான் குடுத்தேன்லா. புள்ள என் தட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு." ஆட்களை அதட்டி வேலைவாங்கும் மண்டோர் அவர், தோட்டமே நடுங்கும்! நான் ஏசவில்லை. இது பலிக்குமா, சொல்லு.

அம்சவள்ளி

லண்டன்,
19.6.1984

அக்கா,

பலிக்கும் என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது. இன்னும் மூன்று மாதம் பார். இனிமேல் மாமாவையே எடைபோடச் சொல். நவமணியிடம், எரிகிற கொழுப்பின் மிச்சம்தான் அந்த நிறம் என்று சொல். நல்ல கேள்வி கேட்டாள்.

சந்திரிகா

கோலசிலாங்கூர்,
27.9.1984

சந்திரிகா,

இன்றோடு நாற்பத்தொரு நாள். ஒரு வலிப்புகூட வரவில்லை. டாக்டரம்மா மருந்தையும் பாதியாக்கிவிட்டார். தூக்கம் தெளிந்த பிறகுதான் இவள் எப்படிப்பட்ட பிள்ளை என்றே எங்களுக்குத் தெரிகிறது.

நேற்று ராஜு வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். "மண்டோரே, ஒங்க பொண்ணு வகுப்புல வாயே மூட மாட்டேங்குது. பக்கத்துப் புள்ள ஜடையப் புடிச்சு இழுக்குது."

உன் மாமா அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க, சார்" என்றார்.

அக்கா