வெள்ளிக் காது

கொழும்புத்துறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெசிதா,

மாதாவின்ரை காவலிலை நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறம், நீயும் மருமகனும் சின்னவன் கொலின்ஸும் அந்த நோர்வேக் குளிருக்குள்ளை சுகமாய் இருக்கவேணுமெண்டு மன்றாடுறம். முதலிலை என்ரை மானம் போன கதையைச் சொல்லிவிடுறன். போன கிழமை வீடியோவிலை, உனக்குப் பிறவியிலேயே காது கேளாதெண்டு முப்பத்தொரு வருசமாய்த் தெரிஞ்சும் தொண்டை கிழியக் கத்தினனே, பக்கத்து வீட்டுக் குணலட்சுமி ஆருக்கோ ஏதோ நடந்திட்டுதெண்டு செம்பிலை தண்ணியோடை ஓடி வந்திட்டா. தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்பினது. அதைவிட வெக்கம், சின்னவன் கையை விரிச்சு விரிச்சுப் பொத்தினதை ஈ பிடிக்கிறான் எண்டு நான் சிரிச்சது. அவன் பால் கேட்டவன் எண்டு நீ பிறகு எழுதினாப்போலைதான் விளங்கினது. பத்து மாதப் பிள்ளை கதைக்கிறான், அறுபத்திநாலு வயசுக் கிழவனுக்கு விளங்கேல்லை.

அவனுக்கும் உங்கள் ரண்டுபேரையும் மாதிரிக் காது கேளாதெண்டு நீ சந்தோசமாய்ச் சொன்ன அண்டு நான் அழுதது பிழை, மகள். அவனுக்குக் காது கேக்கவேணுமெண்டு கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறன் எண்டதும் பிழை. அப்பிடி வைச்சால் கோயில் பெருநாளுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன் எண்டு நீ எழுதினாய். மறைக்கக் கூடாது, நீ எழுத முன்னமே நான் தட்டாரிட்டைச் சொல்லி வெள்ளியிலை ஒரு சின்னக் காது செய்விச்சுப் போட்டன், உனக்கு நாலு வயசிலை வைச்ச மாதிரி. அதைக் கொண்டு கோயிலுக்குப் போனால், உன்னோடை காது கேளாதோர் பள்ளியிலை படிச்ச ஜெறோம் அங்கை சனம் இருக்கிற மர வாங்குகளைத் திருத்திக்கொண்டு நிக்கிறான். ஆருக்கு எண்டு கையாலை கேட்டான், நான் தொட்டில் ஆட்டிற மாதிரிக் கையாலை காட்டினன். போனிலை எழுதிக் காட்டினான், அங்கிள், பேரனிலை ஒரு குறையுமில்லை, உங்களுக்கு ஒரு வெள்ளிக் கை செய்து வையுங்கோ, ஊமையாய்க் கிடக்கிறது உங்கடை கைதான் எண்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, முகத்தை எங்கை வைக்கிறதெண்டும் தெரியேல்லை. உங்களுக்கெண்டு ஒரு பாசை, பகிடி, சினேகிதம் எல்லாம் இருக்க, இவ்வளவு காலமும் வாசலிலை நிண்டு பாவம் பாவம் எண்டு சொன்னவன் நான்.

காதை வைக்காமல் திருப்பிக் கொண்டு வந்திட்டன். அலுமாரிக்குள்ளை கிடக்குது, உருக்கித் தனக்குத் தோடாக்கித் தரட்டாம், கொம்மா பகிடி பண்ணுறா. இப்ப செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஜெறோமின்ரை பட்டறையிலை எனக்குப் பாடம். கிழிஞ்ச வலை பொத்தித் தைச்ச விரல், லேசிலை மடியுதில்லை. பால், வா, சோறு, மூண்டும் வரும். போன சனி பாவசங்கீர்த்தனத்துக்கும் போனன். அழுததையும் நேர்த்தியையும் பங்குச் சுவாமிக்குச் சொன்னன், ஒண்டை மட்டும் சொல்லேல்லை.

பெருநாளுக்கு வாங்கோ மகள், டிக்கெட்டை நேரத்தோடை போடு. சின்னவனுக்குச் சளி பிடிக்கவிடாதை. மாதா உங்கள் மூண்டுபேரையும் தன்ரை சேலைக்குள்ளை வைச்சுக் காக்கட்டும்.

கை பழகிக்கொண்டிருக்கிற உன் அப்பா,
சிமியோன்

சுவாமிக்குச் சொல்லாதது இதுதான். சின்னனிலை பூசை நேரம் நீ கையாலை கதைக்க வெளிக்கிட்டால் உன்ரை ரண்டு கையையும் பிடிச்சு என்ரை மடியிலை அமத்தி வைச்சிருப்பன். உன்ரை பள்ளிக்கூடச் சிஸ்டர்மார் அப்பிடிச் செய்யச் சொன்னவை எண்டு உன்னை நம்பப் பண்ணினன். அவை ஒருநாளும் சொல்லேல்லை, மகள். பின் வாங்கிலை இருக்கிற சனம் பாக்குதெண்டு வெக்கப்பட்டது நான்தான்.