பூரணை அல்ல, பூரணி

டிக்கோயா
02.07.2024

அன்புள்ள பேத்தி சுலக்ஷனாவுக்கு,

அம்மாயி லெட்சுமி எழுதுவது. இங்கே மழையும் விடவில்லை, என் கால் வீக்கமும் விடவில்லை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். நீ வந்து நாலு மாதம் ஆகிறது. போன் எடுத்தால், "வாசகர் வட்டத்தில இருக்கேன் அம்மாயி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன்.

அலியார் கடைக்குப் புதிதாக மருமகளாக வந்த ஷாமிலா உங்கள் வட்டம் அச்சடித்த சின்னப் புத்தகத்தைக் காட்டினாள். நீ என் பேத்தி என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. இருநூறு வருடத்துக்கு முன்னே இங்கிலாந்தில் நிலாவைப் பாடிய கவிஞரைப் பற்றியதாம். பிள்ளை காய்ச்சலில் கிடக்க, அவர் ஏரிக்கரைக்கு நிலாப் பார்க்கப் போனாராம். வருவதற்குள் பிள்ளையைப் புதைத்துவிட்டார்களாம். "வாழ்க்கை வேறு, கவிதை வேறு" என்று நீ பேசினாயாம். அது உங்கள் படிப்பு. நான் ஐந்தாம் வகுப்பு.

கடைசிப் பக்கத்தில் "மலையகத்தின் நிலாப் பாட்டு" என்று ஒன்று. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

மலையேறிப் போனியே
மறுபடியும் எறங்கலையே
என் பூரணை

அது பூரணை இல்லையம்மா, பூரணி. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்க் குளவி கொட்டிச் செத்த என் மகள். உன்னைப் பெற்றவள். அவளைக் கிடத்தியிருந்தபோது நான் கட்டி அழுத ஒப்பாரி. நீ கேட்டாய் என்றுதான் போன வருடம் பாடிக் காட்டினேன். "பாடியவர் தெரியவில்லை" என்று போட்டிருக்கிறீர்கள். என் பேர் வேண்டாம். என் பிள்ளையைப் போயா நாள் முழுநிலா ஆக்கிவிட்டீர்களே. அடுத்த கூட்டத்தில் எழுந்து, "இது என் அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மாயி

ஹட்டன்
08.07.2024

அன்புள்ள அம்மாயிக்கு,

கோபிக்காதீர்கள். நான் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். வட்டத்தை நடத்தும் கஜேந்திரன் மாஸ்டர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார். கூட்டத்தில், "ஒரு தோட்டத்துப் பொம்பள நிலாவோட பேசுறா பாருங்க, நம்ம கவிஞர் தோத்தாரு" என்று அரை மணி நேரம் பேசினார். கண் கலங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இப்போது சொன்னால், எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு என்று கேட்பார்கள். என்னை ஹட்டன் டவுன் பிள்ளை என்று நினைத்திருக்கிறார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை. மாஸ்டரின் தம்பிக்கு என்னைப் பெண் கேட்கும் பேச்சும் இருக்கிறது.

யோசித்தால் பூரணை என்பதும் அழகாகத்தான் இருக்கிறது. அம்மா நிலாவாகவே இருக்கட்டுமே. இருபதாம் தேதி போயா லீவுக்குக் கட்டாயம் வருகிறேன். காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுலக்ஷனா

டிக்கோயா
15.07.2024

சுலக்ஷனாவுக்கு,

"வாசகர் வட்டத்துக்கு நீங்களும் வாங்களேன் பாட்டி, பழைய பாட்டெல்லாம் தெரியுமே" என்று ஷாமிலா கூப்பிட்டாள். நீ எழுந்து சொல்வதைக் காதால் கேட்கலாம் என்று வந்தேன். என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்துப் போனது. பிறகு, "வாங்கம்மா, உட்காருங்க" என்றாய், யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல.

அன்றைக்கும் அந்தக் கவிஞர் பேச்சுத்தான். பெற்ற பிள்ளையைப் பார்க்காதவன் பாட்டு எதற்கு என்று ஒரு பெண் கேட்டாள். நீ அவருக்காக வாதாடினாய். நன்றாகத்தான் பேசுகிறாய்.

அப்புறம் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "அந்த நிலாப் பாட்டு உங்களுக்குத் தெரியுங்களாம்மா?" என்றார்.

"அது நிலாப் பாட்டு இல்லைங்க. பூரணி என் மக. குளவி கொட்டிச் செத்துப் போனா. நான் அழுததுங்க அது."

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிருங்கம்மா. திருத்திப் போடுறோம்" என்றார். அவ்வளவுதான். அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"உங்க மகளுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று பிறகு கேட்டார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ பிஸ்கட் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாய். வாய் திறப்பாய் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

"இல்லைங்க. அவ பேரு சொல்ல ஒரு பிள்ளையும் இல்லைங்க" என்றேன்.

இனி நீ பயப்பட ஒன்றுமில்லை. இருபதாம் தேதி வர வேண்டாம்.

இப்படிக்கு,
பூரணியின் அம்மா
லெட்சுமி