இடப்பக்கம்

செவ்வாய், இரவு.

பதுளையில் டொக்டர் என் வீட்டுக்காரரின் கண்களை உள்ளே படமெடுத்து, போன வருடப் படங்களோடு சேர்த்து வைத்துக் காட்டினார். கண் நரம்பில் வெளுத்த குழி பெரிதாகியிருந்தது. "கண் அழுத்தத்தால பக்கப் பார்வை போயிட்டிருக்கு. இனி லொறி ஓட்டாதீங்க" என்றார்.

"பொடி எழுத்தே எனக்குத் தெரியுதுங்களே!" என்று இவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில், இரவு சாப்பாட்டுக்கு அவருடைய இடப்பக்கம் பேசாமல் போய் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே மகளிடம் கேட்டார்:

"அம்மா எங்க? இன்னும் சாப்பிட வரலியா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

நாளைக் காலையிலும் தேயிலைக் கொழுந்து லொறியை எடுப்பார். நமுனுகுல ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடப்பக்க ஓரமாகத்தான் நடந்து போவார்கள்.