பனிமலையில் பெண் பார்த்த வாரம்

ஜனவரி 1, 1996. திங்கள்.

மழை. கூடவே காற்று. துவைத்த மேசை விரிப்புகள் மூன்று நாளாகக் காயவில்லை, நான் வேலை செய்யும் வீட்டுச் சினியோராவின் குளியலறைக் கம்பியில் தொங்குகின்றன. ஒவ்வொரு தடவையும் சினியோரா என்று எழுதக் கை நோகிறது. இந்த வருடம் முதல் சி.

சி.யிடம் ஆறு நாள் லீவு வாங்கியாயிற்று. எட்டு வருடத்தில் ஒரேயடியாக ஆறு நாள் இதுதான் முதல் தடவை. எண்பது வயது மனுஷி, என் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வருவாயா என்று இரண்டு தடவை கேட்டார். அதுவரை அவருடைய மகள் வந்து பார்த்துக்கொள்வார்.

நாளை காலைக் கப்பலில் அண்ணா, அண்ணி, ஆறு வயது சோபி. சூரிச்சிலிருந்து நாப்போலி வரை காரில் வந்து, அங்கே காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். கூடவே "ஒராள்". அண்ணி தொலைபேசியில் அந்தச் சொல்லை இழுத்த இழுப்பில் பாதி டெலிபோன் அட்டை முடிந்திருக்கும். பெயர் யூட். வயது 36. ஊர்காவற்துறை. எங்களைப் போல வேதக்காரர், கத்தோலிக்கர். சுவிஸ் மலையில் ஏதோ ஹோட்டலில் சமையலறை வேலை.

பேருக்கு ஹொலிடே: இரண்டு நாள் மலையில் ஸ்கீ, மிச்ச நாள் ஊர் சுற்றல். விஷயம் என்னவோ பெண் பார்த்தல். சுவிஸிலிருந்து சிசிலிக்குப் பனி தேடி வருவது, மீன்பிடி ஊரான பேசாலையில் இருந்துகொண்டு மீன் வாங்கக் கண்டிக்குப் போன கதை.

எனக்கு முப்பத்து மூன்று. இதுவரை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள், மூவரும் போட்டோவில். நேரில் வருவது இவர்தான்.

எடுக்க வேண்டியவை: கட்டில் விரிப்பு 2. ஆட்டிறைச்சி. மிளகாய்த்தூள். கையுறை. சி.யின் மகள் தந்த பழைய ஸ்கீ உடுப்பு (ரோஸ் நிறம், இடுப்பு இறுக்கம், மூச்சை அடக்கினால் சரி).

ஆசைப்படக் கூடாது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜன. 2. செவ்வாய்.

மழை விட்டது. துறைமுகம் முழுக்க ஈர வெளிச்சம்.

கார் கப்பலின் வயிற்றிலிருந்து வெளியே வந்தது. பின்சீட்டில் அவர், மடியில் சோபி நித்திரை. எழுப்பக் கூடாது என்று அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கை கொடுக்க முடியவில்லை, கை நிறையப் பிள்ளை. பெரிய கை. மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்புகள்.

அண்ணாவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அண்ணி வந்த உடனே என் அறையை அளந்தாள். பலெர்மோவில், அதுவும் இந்தக் கால்சாப் பகுதியில், இப்படி ஒரு அறை கிடைத்ததே பெரிது என்று அவளுக்கு எப்படி விளங்கும்? நாங்கள் நாலு பேரும் இங்கே. யூட் கீழ்வீட்டு மொரீசியஸ்காரரிடம். அவருடைய சுவரில் முருகன் படம், வாயில் பிரெஞ்சு. தமிழ் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. ஆனாலும் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தது மேலே கேட்டது.

பின்னேரம் கூரையில்லாத மாதா கோயிலைக் காட்டினேன், வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். உள்ளே மரம் வளர்ந்து, சுவர்களுக்கு மேலே நேரே வானம். அண்ணா போட்டோ எடுத்தார். யூட் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். "எங்கட கோயிலும் ஷெல் விழுந்து இப்ப இப்பிடித்தான் நிக்குது," என்றார். இன்று அவர் என்னிடம் பேசியது இந்த ஒரு வசனம்தான். நல்ல குரல்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஹோட்டல்காரருக்கு ஸ்கீ சீசனில் எப்படி லீவு?

ஜன. 3. புதன்.

மலை. மதோனி மலைகளுக்குள் இரண்டரை மணி நேரம் கார். கடலை விட்டு ஏற ஏற ஆரஞ்சு மரம் போய், ஒலிவ் போய், பிறகு இலையில்லாத பெரிய மரங்கள். ஒரு வளைவில் திடீரென்று எல்லாம் வெள்ளை. இடியப்பத்துக்கு அவித்த மாவைக் கடதாசியில் ஆற விட்ட மாதிரி. எல்லோரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டோம். சோபி மட்டும் கொட்டாவி விட்டாள், அவளுக்கு இது வீட்டு வாசல்.

அண்ணியின் கட்டளை: பெண் பார்க்கிறதென்றால் சேலைதான். பனி என்றாலும் சேலைதான். நீலச் சேலையைக் கட்டி, அதற்கு மேல் ரோஸ் ஸ்கீ உடுப்பை ஏற்றினேன். ஆறு யார் நீளச் சேலையும் கால்சட்டைக்குள். நான் நடக்கவில்லை, உருண்டேன். பிறகு தொப்பி, கழுத்துத் துணி, கண்ணாடி. மூக்கு நுனி மட்டும் வெளியே.

பார்க்க வந்தவர் பார்த்தது ஒரு மூக்கு நுனியை.

பாதிப் பலெர்மோவும் இங்கேதான். பனியில் அடுப்பு மூட்டித் தொத்திறைச்சி சுடுகிறார்கள். ஸ்கீ செய்கிறவர்கள் நூற்றுக்குப் பத்து, மிச்சப் பேர் பிளாஸ்டிக் பையின் மேல் குந்திச் சறுக்குகிறார்கள். ஸ்கீ வாடகைக்கு எடுத்தோம். அண்ணா ஒரு அடி வைத்தார், விழுந்தார். அண்ணி அடி வைக்காமலே விழுந்தாள். யூட்டுக்குத் தெரியும். நாலு வருடம் மலையடியில் வேலை செய்தவர், மத்தியானம் சும்மா இருக்கும் நேரத்தில் பழகினாராம். முதலில் விழப் பழக வேண்டும் என்று சொல்லித் தந்தார்: பக்கவாட்டில், கையை ஊன்றாமல். ஏழு தடவை விழுந்தேன். ஏழாவது தடவை எழும்ப மனம் வரவில்லை. அப்படியே மல்லாந்து கிடந்தேன். சத்தமே இல்லை. காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி. எட்டு வருடத்தில் இப்படிச் சும்மா கிடந்ததில்லை. யூட் பக்கத்தில் நின்று, எழும்பு என்று சொல்லாமல், காத்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் கல்யாணம் கட்டி, சுவிஸ் போய், ஜெர்மன் படித்து, ஜன்னலில் மலை தெரியும் வீட்டில் சோறு ஆக்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. எழுதியது எழுதியதுதான்.

இரவு மலைவிடுதியில் சாப்பாட்டு மேசையில் வாய் தவறிக் கேட்டேன், சுவிஸ் வந்தால் ஜெர்மன் கட்டாயம் படிக்க வேண்டுமா என்று. அண்ணி எழும்பி உப்பு எடுக்கப் போனாள். உப்பு மேசையிலேயே இருந்தது.

ஜன. 4. வியாழன்.

மூடுபனி. பத்து அடிக்கு மேல் ஒன்றும் தெரியாது.

கம்பியில் தொங்கி மேலே போகிற கதிரை ஒன்று இருக்கிறது, இரண்டிரண்டு பேராக உட்காரலாம். அண்ணி என்னையும் யூட்டையும் ஒன்றில் தள்ளி ஏற்றிவிட்டு, தாங்கள் அடுத்ததில் வருவதாகச் சொன்னாள். வரவில்லை. அது எனக்கு முதலே தெரியும்.

பாதி வழியில் கதிரை நின்றது. கீழே மரமா, பள்ளமா, தெரியவில்லை. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், இரண்டு சோடிக் கால்கள் ஆடுகின்றன. பயமே வரவில்லை. கனவில் பறக்கும்போது பயம் வராதே, அதுபோல.

அப்போதுதான் சொன்னார். "உங்கட அண்ணா சொல்லியிருப்பார் எண்டு நினைச்சன். ராத்திரி ஜெர்மன் கதை வரேக்கைதான் விளங்கினது, அவர் சொல்லேல்லை. என்ரை அகதிக் கேஸ் முடிஞ்சுது. ரெண்டு தரமும் இல்லையெண்டிட்டாங்கள். இந்த மாதக் கடைசிக்குள்ள கொழும்புக்கு ஏத்துவாங்கள். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வரேல்லை. இஞ்சை நிக்க வந்தனான்."

வேலை அனுமதியை நவம்பரிலேயே பறித்துவிட்டார்களாம். லீவு கிடைத்த கதை அதுதான். இத்தாலி எல்லையில் சோபியை மடியில் நித்திரையாக்கி வைத்திருந்தாராம். காவல்காரன் ஜன்னலால் எட்டிப் பார்த்து, குடும்பம் என்று கையைக் காட்டிவிட்டானாம்.

ஆக, சுவிஸ் மாப்பிள்ளைக்குச் சுவிஸ் இல்லை. இத்தாலியில் தங்கும் அனுமதி, பெர்மெசோ, இருப்பது எனக்கு. பெண் பார்க்க வரவில்லை, பேப்பர் பார்க்க வந்திருக்கிறார்.

ஆடுகிற கால்களை நிறுத்தினேன். பிறகு கேட்டேன். "உங்களுக்கு ஆசை என்னிலையோ, என்ரை பெர்மெசோவிலையோ?"

யோசித்தார். உடனே "உங்களிலைதான்" என்று சொல்லியிருந்தால் அங்கேயே குதித்திருப்பேன்.

"வெளிக்கிடேக்கை பெர்மெசோவிலை," என்றார். "இப்ப எனக்கே தெரியேல்லை."

கதிரை ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. மேலே போனால் மூடுபனிக்கு மேலே வெயில். தூரத்தில் ஒரு கோடாகக் கடல். கோபப்பட வேண்டியவள், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கீழே இறங்கிய பிறகுதான் கோபம் வந்தது.

ஜன. 5. வெள்ளி.

திரும்பினோம். வழியெல்லாம் பலெர்மோக் கார்கள், முன்பக்கத்தில் பனியைக் குவித்து, கடற்கரை வரை கொண்டுபோய்க் காட்டுவதற்கு. அண்ணாவும் குவித்தார். ஊருக்குள் வரும்போது ஒரு பிடி மிச்சம். சோபி அழுதாள்.

பின்னேரம் அவர்களை மொன்றியாலே கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சுவரெல்லாம் தங்கம். உச்சியில் பெரிய யேசு, எந்தப் பக்கம் நின்றாலும் என்னையே பார்த்தார். அங்கே வைத்துத்தான் அண்ணாவைப் பிடித்தேன். கோயில் என்பதால் சத்தம் போட முடியாது. அது அவருடைய அதிர்ஷ்டம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், தங்கச்சியின் சோற்றில். அண்ணா மன்னிப்புக் கேட்கவில்லை. யூட் அவருடைய சிநேகிதனின் தம்பி, தங்கமான பொடியன், அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள், எனக்கும் ஒரு துணை வேண்டும், ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்றார். பிறகு சொன்னார். "முதலே சொல்லியிருந்தா நீ ஓம் எண்டிருப்பியோ?"

மாட்டேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

யூட் பின்வரிசை மரவாங்கில் தனியாக இருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

ஜன. 6. சனி. மூன்று ராசாக்கள் திருநாள்.

வெயில். தெருவில் பிள்ளைகளின் கையில் இனிப்பு நிரப்பிய காலுறைகள்.

விடியும் முன்னேயே முழிப்பு. அண்ணியின் குறட்டை, சோபியின் கால் என் வயிற்றில். யோசித்தேன். சி. எனக்குக் கையெழுத்துப் போட்டதால்தான் எனக்குப் பெர்மெசோ. அப்போது நான் வேலைக்கு வந்து மூன்று மாதம். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனை வருடம் இந்த மனுஷியை இவ்வளவு பிரியமாகக் குளிப்பாட்டியிருப்பேனா?

இப்போது புதுச் சட்டம். முதலாளி ஒருவர் வேலை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால், பேப்பர் இல்லாதவர்களும் பொலிஸ் காரியாலயத்தில், குவெஸ்தூராவில், பதியலாம். இன்னும் சில வாரம்தான். பூசைக்கு வருகிற ஆட்களிடம் வேறு கதையே இல்லை. சி.க்கு நகருக்கு வெளியே சியாகுல்லியில் ஒரு துண்டு மண்டரின் ஆரஞ்சுத் தோட்டம். பின்பருவக் காய் இப்போதுதான் பழுக்கிறது, பழம் ஆய ஆள் தேடுகிறார்கள். கல்யாணம் இல்லாமலே முடியக்கூடிய காரியம். அண்ணாவுக்கு இது தெரியாது. யூட்டுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டதே என்று ஒரு நிமிடம் துக்கமாக இருந்தது. ஒளித்தால் அவர் எனக்குத்தான். அண்ணாவின் தங்கச்சிதானே நான்.

பூசை முடிந்து கடற்கரை வரை யூட்டோடு நடந்தேன். சொன்னேன்.

"பேப்பர் வேறை, நான் வேறை. ரெண்டையும் ஒரு பையுக்குள்ள போட வேண்டாம். பேப்பருக்கு நான் என்ரை சினியோராவைக் கேட்டுப் பாக்கிறன். அது உங்கட கையிலை வந்த பிறகு, என்னாலை உங்களுக்கு ஒரு தேவையும் இல்லாத ஒரு நாளிலை, வந்து என்னைக் கேளுங்கோ. கேக்காட்டியும் பரவாயில்லை."

கடைசி வசனம் பொய். சொல்லும்போது பாலத்தில் நடக்கிறவள் கீழே பார்க்காமல் நடப்பது போல அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

கடலைப் பார்த்தபடி கேட்டார். "கேட்டா என்ன சொல்லுவியள்?"

"கேட்டாத்தானே தெரியும்."

வீடு வரை என் நடைக்கு நடந்தார்.

ஜன. 7. ஞாயிறு.

இரவுக் கப்பலில் அண்ணா குடும்பம் போய்விட்டது. யூட் இல்லாத பின்சீட்டில் சோபி காலை நீட்டிப் படுத்தாள். அண்ணி கட்டிப்பிடித்து அழுதாள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று. அவளுக்கு நான் பைத்தியம். அண்ணா கடைசி வரை ஒரே புத்திமதி: சினியோராவிடம், இவர் எனக்கு நிச்சயித்தவர் என்று சொல், கிழவிகளுக்குக் கல்யாணம் என்றால் உயிர், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுவா. ஆளை யாரென்று தெரியாமல் எந்த முதலாளி எழுதிக் கொடுப்பான் என்றும் கேட்டார்.

யூட் கீழ்வீட்டில். இருமுகிறார். மலைக்குளிர். இஞ்சி அவித்துக் கொடுக்கலாம். கொடுத்தால் என்ன நினைப்பார்? மொரீசியஸ்காரரின் கையில் கொடுத்துவிட்டேன்.

ஜன. 8. திங்கள்.

வேலை. மறுபடி மழை. லிபெர்த்தா வீதிக்குப் போகிற பஸ் பிந்தி வந்தது. சி. மெலிந்திருக்கிறார், மகளுக்குச் சூப் வைக்கத் தெரியாது. தலை வாரி, மருந்து கொடுத்து, கதிரையில் இருத்திவிட்டுக் கேட்டேன். தோட்டத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார், நல்லவர், குசினி வேலைக்காரர், ஆனால் கை உறுதி, பேப்பர் இல்லை, நீங்கள் எழுதித் தந்தால்...

சி. இடையில் மறித்தார். உனக்கு நிச்சயித்தவரா?

ஓம் என்றால் முடிந்தது. வாய்க்குள் வந்தும் விட்டது.

இல்லை என்றேன்.

சொந்தக்காரரா? இல்லை. ஒரே ஊரா? இல்லை. அப்படியென்றால் உனக்கு அவர் யார்?

ஒருவருமில்லை என்றேன். தலையணை உறையைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

சி. என் கையைப் பிடித்துத் திருப்பினார். முகத்தைப் பார்த்தார். பிறகு, அலுமாரியில் தன் மூக்குக்கண்ணாடி இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்றார். பேனையையும்.