ஹேண்டில்பாரில் கட்டிய சீட்டு

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வர இந்த முறை நேரமில்லை. லாரி ஆபீஸில் உன் பைக் வந்து இறங்கியதும் அதில் ஏறிவிடாதே. ஏற்கெனவே எடுத்துவிட்டாய் என்றால் நின்ற இடத்திலேயே சாவியை உருவிவிடு. பிரேக்கில் கோளாறு இருக்கிறது. அதை உண்டாக்கியவன் நான்தான்.

வண்டியை அனுப்பச் சொல்லி நீ அம்மாவிடம் பேசிய அன்று நான் போனைப் பிடுங்கிக் கத்தினேன் அல்லவா, அந்தக் கத்தலுக்கு வாயால் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, கையாலாவது கேட்போம் என்று நினைத்தேன். முன் பிரேக் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது, வாசலில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்து நானே மாற்றினேன். சடன் பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற ஏபிஎஸ் பெட்டியில் இருந்த இணைப்பைக் கழற்றியதும் உள்ளே இருந்த பிரேக் ஆயில் முழுக்க வடிந்துபோயிற்று. அதனாலென்ன என்று புது ஆயில் ஊற்றி, அம்மா மேலே லீவரைப் பிடிக்க, நான் கீழே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி நிற்கும்வரை காற்றை எடுத்தோம். "கை வலிக்குது, இன்னும் எத்தனை தடவைதான்?" என்று திட்டிக்கொண்டேதான் பிடித்தாள். லீவர் கல் மாதிரி நின்றது. முப்பது வருஷம் பஸ்ஸுக்குக் காற்றுப் பிரேக் பார்த்தவன், எவனைக் கேட்க வேண்டும் என்று ஒரு திமிர். அந்தத் திமிரில்தான் "பிரேக் அப்பா பார்த்தது, பயமில்லாமல் ஓட்டு" என்று சீட்டு எழுதி ஹேண்டில்பாரில் கட்டி அனுப்பினேன்.

இன்று காலை தெருமுனை பைக் மெக்கானிக்கிடம், அதுதான் உன் மீசை மாமாவிடம், பெருமை பீற்றப் போனேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "கம்ப்யூட்டர் மிஷின் மாட்டி ஏபிஎஸ் பம்பை ஓட விட்டீங்களா?" என்றார். என்ன மிஷின் என்றேன். "போச்சு போங்க. அந்தப் பெட்டிக்குள்ள காத்து தங்கியிருக்கும். வாசல்ல பிடிச்சுப் பார்த்தா தெரியாது. மழையில சடன் பிரேக் போட்டு ஏபிஎஸ் வேலை செய்யுறப்பதான் வெளிய வரும், லீவர் தொளதொளன்னு உள்ள போயிடும்" என்றார். ஆயுசு முழுக்கக் காற்றை அடைத்தே பஸ்ஸை நிறுத்தியவன், பெற்ற பிள்ளையின் வண்டிக்குள் காற்றை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் இரண்டு எண்ணையும் நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய், அது உன் நியாயம். மெக்கானிக் போனிலிருந்து அடித்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. லாரி ஆபீஸில் கெஞ்சினேன். "ரசீதைக் காட்டினா வண்டியைக் கொடுப்போம் சார், சேதி சொல்றது எங்க வேலை இல்ல" என்கிறார்கள். லாரி வியாழக்கிழமை சேருமாம், கூரியர் புதன்கிழமை சேருமாம். அந்த ஒரு நாளை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதையே இன்னொரு தாளில் எழுதி உன் ஆபீஸுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

வண்டியை வேனில் ஏற்றி, அந்த மிஷின் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போ. ஹோஸ் மாற்றியது, ஏபிஎஸ் பெட்டி காலியானது, இரண்டையும் மறைக்காமல் சொல். எந்த மடையன் செய்தான் என்று கேட்டால் எங்கப்பா என்று சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அம்மா பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல், லீவரைப் பிடித்த அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, ஹெல்மெட்டின் கழுத்துப் பட்டையை மாட்ட மறக்காதே என்று எழுத வந்தது, பார், எந்த வாயால் சொல்வேன்.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போடு. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன்னை எத்தனை வருஷம் படுத்தியிருக்கிறேன். இந்த ஒரு தடவை அப்பா எழுதிக் கொடுத்ததை நம்பாதே, தாயே.

ஒரு கீறல்கூடப் படாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். என்னோடு பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். இதைப் படித்ததும் ஒரே ஒரு மிஸ்டு கால் கொடு. மணி அடித்தால் போதும். நான் எடுக்க மாட்டேன், சத்தியமாக எடுக்க மாட்டேன்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அப்பா